பாவு முடியும் வரை

அரிசிக் கஞ்சியின் வாசனைதான் என்னை நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. எழுபதுகளின் தொடக்கம், ஆடி மாதம், எனக்குப் பதினான்கு வயது. திருமுக்கூடல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வைத்தியத்துக்காக நானும் மாமாவும் கூட்டிவந்த அம்மா காஞ்சிபுரத்திலேயே இறந்துபோனாள், காரியம் முடிந்த கையோடு மாமா பஸ் ஏறிவிட்டார், நான் மிச்சமானேன். அம்மாவின் புடவை ஒன்றைப் பையில் சுருட்டிக்கொண்டு, கோயில் குளத்து மண்டபத்தில் பத்தொன்பது நாள் கிடந்தேன். தினமும் வேறொரு யாத்திரைக் குடும்பத்தின் அருகே போய் உட்கார்ந்துகொள்வேன், காவல்காரர் என்னையும் அவர்கள் வீட்டுப் பெண் என்று நினைக்கட்டும் என்று.

அன்று காலை, தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் பட்டு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். புடவையின் நீளவாட்டு நூலான அதற்குப் "பாவு" என்று பெயர் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது கண்ணில் பட்டது ஓரத்தில் இருந்த கஞ்சிப் பானை மட்டுமே. ஆடியில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிறார்களே, அதுபோலத்தான் இதுவும் என்று, குனிந்து இரு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தேன்.

"ஐயையோ, பாவுக்குத் தடவக் காய்ச்சினதும்மா அது! நீ குடிச்சிக்கினு இருக்கிறியே!" என்று ஓடிவந்தாள் கன்னியம்மா அக்கா. பாதிப் பானை காலி. அவள் கணவர், நெசவாளி ஏகாம்பரம், தலையில் கைவைத்துக்கொண்டார்.

"வெயில் ஏறுது. இன்னும் பாதிப் பாவு பாக்கி இருக்குது."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உப்பு போதுமாம்மா?" என்றாள். தெருவே சிரித்தது. அவள் மறுபடி உலை வைத்துத் திரும்பும்வரை பாவின் முனைக்கோலை என் கையில் கொடுத்திருந்தார்கள். தோள் கழன்றுபோனாற்போல் வலித்தும் நான் விடவில்லை.

மதியம் சோறு போட்டுவிட்டு, எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன். ஏகாம்பரம் குறுக்கிட்டார்.

"வயசுப் பொண்ணு. யாரு எவருன்னு தெரியாம வூட்ல வெச்சிக்கினா நாளைக்கு வம்பு யாருக்கு? இந்தப் பாவு முடியறவரிக்கும் இருக்கட்டும். அப்பால கிளம்பிடணும், இன்னாம்மா?"

மூன்று புடவைக்கான பாவு. தறியின் பின்னால் பாவு சுற்றியிருந்த உருளை நாளுக்கு நாள் மெலிவதைச் சாயங்காலங்களில் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். இழை அறுந்தால் நெசவு நிற்கும், எனக்கு அரைநாள் கூடும்; அறுந்துபோகட்டும் என்று வேண்டிக்கொண்டு, அந்த நெசவில் வந்த சோற்றைத்தானே தின்கிறேன் என்று அடுத்த கணமே கூசிப்போவேன்.

மூன்றாவது புடவையை அறுத்தெடுத்த காலையில் குளித்துவிட்டுப் பையோடு வாசலுக்கு வந்தேன். தறியில் பழைய பாவின் வால் ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பலைத் தொட்டுத் தொட்டு, அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையை முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தாள் அக்கா. ஆயிரக்கணக்கான இழைகள்.

"பையத் தூக்கிக்கினு எங்க கிளம்பிட்ட? இந்தாண்ட வா, இழை எடுத்துக் குடு."

"பாவு முடிஞ்சிடுச்சேக்கா."

"எங்க முடிஞ்சிது? ஒட்டிக்கினுதானே இருக்குது, பாரு."

வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஏகாம்பரம் வாய் கொப்பளித்துத் துப்பினார். "சரி, இந்தப் பாவு முடியட்டும்" என்றார்.

ஆறு வருஷம், ஒவ்வொரு பாவுக்கும் அதையே சொன்னார். பள்ளியில் சேர்க்கக் கையெழுத்துப் போட்ட அன்றும், என் கல்யாணத்துக்கு முந்தின நாளும்கூட.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். இருவரும் இப்போது இல்லை. தறி கிடந்த இடத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. குடியிருப்பவர்கள் நல்லவர்கள், உட்காருங்கள், காப்பி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். ஆனால் "கிளம்பிடணும்" என்று அதட்ட ஆளில்லாத அந்த வீட்டில் என்னால் ஐந்து நிமிஷம்கூட இருக்க முடியவில்லை.