திறப்பு விழாவுக்காக ஆறிய ரொட்டி

ஹட்டனில் சிறுதொழில் செய்யும் பெண்களுக்குப் பயிற்சி நடந்தால் இப்போது என்னையும் பேசக் கூப்பிடுகிறார்கள். விளம்பரம் செய்வது எப்படி, நாலு பேரைப் பழக்கம் பிடிப்பது எப்படி, முன்னால் நின்று நடத்துவது எப்படி என்று சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் ரொட்டிக்கடை திறந்த அந்த ஒரு காலைதான். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று எனக்கு வந்த கோபம் எனக்கல்லவா தெரியும்.

கடை எங்கள் மூன்று பேருடையது. மூவரும் ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடுகள். மூத்தவரை அக்கா என்போம், மாதர் சங்கத் தலைவி. இளையவள் தங்கச்சி. ரொட்டி சுடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவளுக்கு மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகள் ஒருத்தி. குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போவதற்கு அவளுடைய பாஸ்போர்ட் தயாராகிக் கிடந்தது.

"கடை ஓடும்னு தெரிஞ்சா நான் போகல. ஓடாட்டி புள்ளய எங்கம்மாகிட்ட விட்டுட்டுப் போறதத் தவிர வேற வழியில்லக்கா" என்று சொல்லியிருந்தாள். குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் இனியும் பொறுக்கமாட்டேன் என்றதால், கடை திறக்கும் அன்றே பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தாள். முதல் நாளே ஈ ஓட்டினால் அவள் போய்விடுவாள். அந்தப் பயத்தோடுதான் நாங்கள் தேங்காய் துருவினோம்.

கடை திறப்பதற்கு முன்பு நாங்களும் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தோம். பாடம் எடுத்த மிஸ், "உங்க தொழிலுக்கு உதவக்கூடிய யார உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார். மூவரும் ஒரே வாயாக ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரைச் சொன்னோம். கழுத்தில் மாலை விழாத வாரமே அவருக்கு இல்லை. எங்கள் கடை, சிவனொளிபாத மலைக்குப் போகும் சாலையோரத்தில் இருக்கிறது. பருவ காலத்தில் இரவில் மலையேறிய யாத்திரிகர்கள் காலையில் பஸ் பஸ்ஸாகத் திரும்பி வருவது அந்த வழியாகத்தான். அந்த பஸ்களை ஓட்டுகிற ஒருவரையாவது சொல்ல வேண்டும் என்று எங்கள் மூன்று மண்டைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

திறப்பு நாளன்று விடியும் முன்பே எழுந்து ரொட்டி சுட்டு, காரமான கட்டச்சம்பல் இடித்து, பால் விடாத பிளேன்டிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தோம். வாசலில் ரோஸ் நிற ரிப்பன். பக்கத்தில் குத்துவிளக்கு, தட்டில் கத்தரிக்கோல். ஊரே ஐயா என்று கூப்பிடும் அந்தப் பெரிய மனிதர் எட்டு மணிக்கு வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. எட்டு மணிக்கு ஐயா வரவுமில்லை, போனை எடுக்கவுமில்லை.

முதல் பஸ் ஒன்பது மணிபோல் வந்து நின்றது. வெள்ளை உடுத்த சிங்களப் பெண்கள், தோளில் தூங்கும் பிள்ளைகள், நடக்க முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கும் ஆண்கள். ஒரு தாய் ரிப்பனுக்கு அந்தப் பக்கம் நின்று, "கன்ன தெயக் தியெனவத நங்கி?" என்று கேட்டாள். சாப்பிட ஏதாவது இருக்கிறதா தங்கச்சி என்கிறாள். உள்ளே ரொட்டி மலைபோல இருக்கிறது. வாசனை சாலை வரைக்கும் அடிக்கிறது. அக்கா என்ன சொன்னார் தெரியுமா? கொஞ்சம் பொறுங்கள், ஐயா வந்து திறக்கவேண்டும் என்று சிங்களத்தில் பணிவாகச் சொன்னார். அந்தத் தாய் ரிப்பனைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பஸ்ஸில் ஏறிவிட்டாள். பஸ்ஸும் போய்விட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்கா, பசியோட வந்தவங்கள அனுப்பிட்டமே, இது நல்லாவா இருக்கு?" என்றேன்.

"பெரிய மனுசனக் கூப்பிட்டுட்டு நாமளே தொறந்தா அவருக்கு மரியாதையா? நாளைக்கு ஒரு காரியத்துக்கு அவருகிட்டதான் போய் நிக்கணும்" என்றார் அக்கா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் எதற்கும் ஓர் ஆண், ஒரு மாலை, ஒரு பேச்சு வேண்டும். அதில்லாமல் எதையும் தொடங்கிப் பழக்கமில்லை. நானும் ரிப்பனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அதற்குள் சுட்ட ரொட்டியெல்லாம் ஆறிச் செருப்புத் தோல் மாதிரி ஆகத் தொடங்கிவிட்டது. ஏஜென்சிக்காரர் தங்கச்சிக்குப் போன் போட்டார். "மத்தியானம் சொல்றேன் அண்ணே" என்று தங்கச்சி வைத்துவிட்டாள்.

அப்போது வளைவில் இரண்டாவது பஸ்ஸின் சத்தம் கேட்டது.  தங்கச்சி தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து ரிப்பனை நறுக்கென்று வெட்டினாள். சாலையில் இறங்கி, தேயிலை மலை எதிரொலிக்க, "உணு உணு ரொட்டி தியெனவா" என்று கூவினாள். சூடான ரொட்டி இருக்கிறதாம். அதுவரை லயத்தில் உரக்கப் பேசிக்கூட நான் கேட்டறியாத பெண் அவள்.

"அடி பாவி, என்னடி செஞ்ச" என்று அக்கா தலையில் கைவைத்தார். ஆனால் பஸ் நின்றுவிட்டதே. தங்கச்சி ஓடிவந்து புதிதாக மாவைத் தட்டிக் கல்லில் போட்டாள். "நான் சுடுறேன். அக்கா, நீங்க தேத்தண்ணி பாருங்க. நீங்க சம்பல் வைங்க" என்று எங்கள் இருவருக்கும் வேலை சொன்னாள். சங்கத் தலைவி மறுபேச்சில்லாமல் தேத்தண்ணி ஊற்றினார். ஓட்டுநருக்கு நான் முதல் தட்டைக் கொடுத்தேன். அவர் கடித்துப் பார்த்துவிட்டுப் பின்னால் வரும் பஸ்காரருக்குப் போன் போட்டார். அவர் இன்னொருவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். மூன்றாவது பஸ், நான்காவது பஸ் என்று வந்துகொண்டே இருந்தன.

பதினொரு மணிக்கு மேல் ஐயாவின் ஜீப் வந்தது. தரையில் கிடந்த ரிப்பனைப் பார்த்தவருக்கு முகம் கறுத்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போனார். இப்போது மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா, பசிக்குதுன்னு வந்தவங்கள நிக்க வைக்க முடியல" என்றார் அக்கா. "நீங்களும் சாப்பிட்டுப் போங்க. வரிசை அந்தா முடியுது."

ஐயா ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, போய் வரிசையின் கடைசியில் நின்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

தங்கச்சியின் போன் மறுபடி அடித்தது. அவள் கையெல்லாம் மாவு. நான்தான் எடுத்து அவள் காதில் வைத்துப் பிடித்தேன். ஏஜென்சிக்காரர் பேசுவது எனக்கும் கேட்டது. "என்னம்மா, வாரீங்களா? இல்ல, உங்க எடத்துக்கு வேற ஆளப் போடட்டுமா?"

தங்கச்சி கல்லிலிருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"போடுங்கண்ணே" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, போன வச்சுட்டு மாவு பிசைங்க. இது பத்தாது" என்றாள்.