பாகற்காய்ச் சாறும் பஸ் கண்டக்டரும்

இன்று காலை புதுச்சேரியில், நெல்லித்தோப்பு பஸ்ஸில் கண்டக்டர் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தார்.

"பிரெஞ்சுக்காரனே கப்பல் ஏறிட்டான், நீ இன்னும் படி ஏறலியா?" என்று என்னையும் விரட்டினார்.

மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அவரிடம் கேட்டார்: "காலைல என்னாய்யா சாப்ட்ட?"

"பாவக்கா சாறு. சர்க்கரை வியாதின்னு வூட்ல அது மட்டுந்தான் குடுக்குறா."

அந்த அம்மாள் தன் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு மசால்வடை கொடுத்தார்.

தின்று முடித்ததும் கண்டக்டர் பாடவே ஆரம்பித்துவிட்டார். அடுத்த நிறுத்தத்தில், "வாங்கம்மா, பாத்து ஏறுங்க" என்று சிரித்துக்கொண்டே கை நீட்டினார்.

ஏறியது அவர் மனைவி.

சிரித்த முகத்தை ஒரே ஒரு பார்வை பார்த்தார். "என்னாத்தத் தின்னீங்க?"

மீன் கூடை அம்மாள் பொட்டலத்தை மெல்லக் கூடைக்குப் பின்னால் தள்ளினார்.

என் வீட்டிலும் சந்தோஷமாக இருந்தால் உடனே விசாரணைதான். உங்கள் வீட்டில் எப்படி?