மூன்று கிழமை மீன் மந்திரி

கனடா ஒரு மீனுக்காக ஸ்பெயினோடு சண்டைக்குப் போனது என்று சொன்னால் இன்றைக்கு என் பிள்ளைகள் நம்புவதில்லை. அம்மா கதை விடுகிறா என்று சிரிக்கிறார்கள். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் அது நடந்ததுதான். நியூஃபவுண்லாந்துக்கு அப்பால் நடுக்கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஸ்பெயின் கப்பல் ஒன்றைக் கனடா எச்சரிக்கை வெடி வைத்து மறித்துக் கரைக்குக் கொண்டுவந்தது. கப்பல்காரரின் வலையில் கண்கள் மிகச் சின்னன், அதில் குஞ்சு மீன்களெல்லாம் அகப்பட்டுப்போகின்றன என்பது குற்றச்சாட்டு. தொலைக்காட்சிச் செய்தியில் பெரிய மனிதர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்று வலைக்கு விளக்கம் சொன்னார்கள். கனடாவில் நாங்கள் வந்து குடியேறிய வோபர்னில், பன்னிரண்டாம் மாடியில் இருந்த எங்கள் வீட்டில் என் மாமா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

“அக்கா, வாழ்க்கையில முதல் தரமா எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சண்டை வந்திருக்கு. இதை விடக்கூடாது” என்றார்.

மாமா என் அம்மாவின் தம்பி. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. எங்கள் வரவேற்பறைச் சோபாதான் அவருக்குப் படுக்கை, அலுமாரி, அலுவலகம் எல்லாம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட நாடகத்தில் ராசா வேடம் கட்டியவர் என்று அம்மா பெருமையாகச் சொல்லுவார். ராசாவுக்குக் குடை பிடித்தவர் என்று அப்பா திருத்துவார். எனக்கு ஒன்பது வயது. நான் அம்மாவின் கட்சி.

அந்த நாளில் ஞாயிறு காலையில் கேபிளில் அரை மணி நேரத் தமிழ் நிகழ்ச்சி ஒன்று போகும். பிறந்தநாள் வாழ்த்து, மரண அறிவித்தல், புடவைக்கடை விளம்பரம், இரண்டு சினிமாப் பாட்டு. அதற்குள் எப்படியோ ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிவிட்டார் மாமா. நாடகத்தின் பெயர் ‘மீன் மந்திரி’. மந்திரி, மாமா. ஸ்பெயின் கப்பல் கப்டன், மாமாவோடு தொழிற்சாலையில் வேலை செய்த மன்னார் அங்கிள். அகதி விசாரணைக்கு என்று அப்பா வாங்கிய கோட்டு மந்திரிக்குப் போனது. நீதிபதி முன்னால் ஒரே ஒரு தரம் போட்ட கோட்டு அது. கறை பட்டால் தெரியும் என்று அப்பா முதலே சொல்லிவைத்தார். ஸ்பெயினின் வலைக்கு அம்மா சிவப்பு வெங்காயப் பை ஒன்றைக் கொடுத்தார். மேசையில் வைக்க மீனும் அவர்தான் வாங்கிவந்தார்.

முதல் ஞாயிறு எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. சோபாவில் ஒரு மாமா சாரத்தோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். பெட்டிக்குள் இன்னொரு மாமா கோட்டோடு இருந்து மேசையில் அடிக்கிறார். நான் இவரைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருந்தேன். கடவுள் ஒரே நேரத்தில் கோயிலிலும் வீட்டுச் சாமிப் படத்திலும் இருப்பார் என்று அம்மா சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. அன்றைக்கு வந்தது.

பெட்டிக்குள்ளிருந்த மாமா மீனைப் பார்த்துக் கேட்டார்: “நீர் கனடா மீனோ, ஸ்பெயின் மீனோ? கடவுச்சீட்டு எங்கை?” மீன் பேசாமல் கிடந்தது. “பேசாமல் கிடக்கிறபடியால் உமக்கு அகதி அந்தஸ்துத் தரலாம்” என்றார். மன்னார் அங்கிள் மேசையில் முட்டிச் சிரித்துவிட்டார். நாடகத்தில் அந்த இடத்தில் அவர் கோபப்பட வேண்டும். அதையும் அப்படியே ஒளிபரப்பினார்கள்.

நிகழ்ச்சி முடிய முன்பே தொலைபேசி அடித்தது. மாமா பாய்ந்து எடுத்தார். பாராட்டு என்று நாங்கள் நினைத்தோம். மற்றப் பக்கத்தில் பேசியவர் ரெக்ஸ்டேலிலிருந்து ஒரு அண்ணை. “தம்பி, அது ஸ்பெயின்காரன் பிடிக்கிற மீன் இல்லை. அது விளைமீன். எங்களைப் பேய்க்காட்டக்கூடாது” என்றார். அடுத்தவர், விளைமீன்தான், ஆனால் செவுள் வெளிறிப்போய்க் கிடக்குது, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார். இன்னொரு அன்ரி, வாற கிழமை பாரை போடச் சொன்னார். யாழ்ப்பாணத்தாருக்கு முன்னால் மீனைக் கொண்டுபோய் வைத்தால் நாடகம் பார்ப்பார்களா, மீன் பார்ப்பார்களா? முதல் நாள் படப்பிடிப்பு முடிந்து வீட்டுக்கு வந்திருந்த அந்த மீனை அம்மா குழம்பு வைத்தார். தொலைக்காட்சியில் நடித்த மீனைச் சாப்பிடுகிறேன் என்ற பிரமிப்பில் நான் முள்ளைக்கூட மெதுவாகத்தான் எடுத்தேன்.

இரண்டாவது கிழமை பாரை வைத்தார்கள். மீன் பிரச்சினை தீர்ந்தது, வேறு பிரச்சினை பிறந்தது. எங்கள் ஆட்களுக்கு மீன் என்றால் மீன் இல்லை. சும்மா ஒருத்தன் கனடாவின் மீனைப் பற்றி நாடகம் போடுவானா, இதற்குள் ஏதோ கிடக்கிறது என்று சனம் யோசிக்கத் தொடங்கியது. அப்பா வேலை முடிந்து டோனட் கடைக்குப் போய்வந்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விளக்கம் கொண்டுவந்தார். கனடா என்பது இந்தியாவாம், ஸ்பெயின் என்பது கொழும்பாம், மீன் என்பது நாங்களாம். இல்லையாம், மீன் என்பது சமாதானப் பேச்சாம், அதனால்தான் மேசையில் வைத்தபடியே நாறுகிறதாம். மாமா தலையில் கை வைத்துக்கொண்டு, “ஐயோ அத்தான், அது மீன்” என்றார். அப்பா சிரிக்கவில்லை.

“உனக்கு மீன். பார்க்கிறவனுக்கு என்னெண்டு ஆர் கண்டது? கொக்கா அங்கை இருக்கிறா எண்டதை மட்டும் நினைச்சுக்கொள்.”

அங்கே என்றால் யாழ்ப்பாணம். கொக்கா என்றால் அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவரான பெரியம்மா; அவர் குடும்பத்தோடு அங்கேதான் இருந்தார். இங்கே ஒருவர் வாய் திறந்தால் அங்கே இருப்பவர்களை யாராவது வந்து விசாரிக்கலாம் என்பது பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் அது அரைகுறையாகத் தெரியும். ஆனால் மீனுக்காக யார் விசாரிப்பார்கள்?

மூன்றாவது கிழமை அம்மா பெரிய மீன் வாங்கவில்லை. நெத்தலி வாங்கிவந்தார். வெங்காயப் பைக்குள் அதைப் போட்டால் பாதி கண்களுக்குள்ளால் விழுந்துவிடும் என்று அடியில் ஒரு துணியையும் தைத்துக் கொடுத்தார். இதுவரை மீனோடு நின்றவர் இந்தத் தரம் மாமாவோடு படப்பிடிப்புக்கே போனார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த ஞாயிறு எங்கள் வீட்டில் பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள். பக்கத்து மாடிகளிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ரோல்ஸ், வடை, தேத்தண்ணி. மந்திரியும் கப்டனும் வழக்கம்போலச் சண்டை பிடித்தார்கள், சனம் சிரித்தது. பிறகு மாமா வலையைக் கையில் எடுத்தார். கமெராவைப் பார்த்தார். முகத்தில் இருந்த மந்திரியைக் காணவில்லை, வேறு யாரோ இருந்தார்.

“பெரிசுகள் நாங்கள் இருக்கிறம், எங்களைப் பிடியுங்கோ. குஞ்சுகளை விடுங்கோ. அதுகள் இன்னும் கடலையே பார்க்கேல்லை.”

ஒரு வடை பாதி கடித்தபடி நின்றது. ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. எங்கள் மாமா, சோபாவில் படுக்கிற மாமா, ஒரு வசனத்தால் ஒரு வீட்டையே இப்படி நிறுத்திவிட்டார் என்று எனக்கு மயிர் கூச்செறிந்தது. இதே நேரத்தில் எத்தனை வீடுகள் இப்படி நிற்கும் என்று நினைத்தேன். வேறு எந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு மாமா இருக்கிறார்? கைதட்ட வேண்டும்போல இருந்தது. ஒருவரும் தட்டாததால் நானும் தட்டவில்லை. வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே ஒவ்வொருவராகச் சப்பாத்தைத் தேடினார்கள்.

அன்று தொலைபேசி நிற்காமல் அடித்தது. மாமாவின் பக்கம் மட்டும் எனக்குக் கேட்டது. “ஓம் அண்ணை... இல்லை அண்ணை... அது மீன் அண்ணை... மீன் மட்டும்தான்.”

அடுத்த கிழமை நடுவில் ஒரு பின்னேரம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல மரியாதையான ஆட்கள். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். மூத்தவர் என்னைக் கூப்பிட்டு எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார், தலையைத் தடவினார். அம்மா குசினிக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அப்பாதான் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். அப்பா விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி கொடுத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

“தம்பி, பகிடி நல்லம். சனமும் சிரிக்கத்தானே வேணும்” என்றார் மூத்தவர். “ஆனா அந்தக் குஞ்சுக் கதை. அது ஆருடைய குஞ்சு?”

மாமா பழைய பத்திரிகை ஒன்றை எடுத்து விரித்தார். “ஸ்பெயின்காரன் குஞ்சு மீன் பிடிக்கிறான் எண்டு கனடா அரசாங்கமே சொல்லுது அண்ணை. இஞ்ச பாருங்கோ, பேப்பரில கிடக்கு.”

அவர் பத்திரிகையைப் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் இருந்த குடும்பப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அக்கா ஆக்கள் இன்னும் ஊரிலதானே?” என்று கேட்டார். சுகம் விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். அப்பா தட்டத்தோடு அந்தப் படத்துக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

மாமாவை ஒருவரும் நம்புகிறார்கள் இல்லையே என்று எனக்கு அழுகை வந்தது. பெரியவர்கள் கதைக்கும்போது நடுவில் வாய் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டத்தை உடைத்தேன்.

“அங்கிள், அது உண்மையாவே மீன். றியல் மீன். நெத்தலி. அம்மா பொரிச்சவ. நான் சாப்பிட்டனான்.”

மூத்தவரின் வாய் மெல்லக் கோணியது. “நெத்தலியோ?” என்று என்னைக் கேட்டார்.

“ஓம். நிறையச் சாப்பிட்டனான்.”

அவர் மாமா பக்கம் திரும்பினார். “ஏன் ஐசே, நெத்தலி குஞ்சோ? நெத்தலி கிழடானாலும் உவ்வளவுதானே!” என்றார். மற்றவர் வாய்விட்டுச் சிரித்தார். அவரும் சிரித்தார். அப்பாவும் அவசரமாகச் சிரித்தார். நெத்தலி வளராத மீன் என்றுகூடத் தெரியாத ஒருத்தன் மீனுக்கு மந்திரியா என்று மாறி மாறிப் பகிடி விட்டார்கள். மாமா தலையைச் சொறிந்துகொண்டு, “எனக்கு மீன் தெரியாது அண்ணை” என்றார். நெத்தலி தெரியாத யாழ்ப்பாணத்தான் உலகத்தில் இருக்கிறானா? ஆனால் மாமா அதைச் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். ராசா வேடம் கட்டியவர்தான் என்று அன்றைக்கு எனக்குச் சந்தேகமறத் தெரிந்தது.

“சின்னப்பிள்ளை பொய் சொல்லாது” என்று மூத்தவர் எழும்பினார். வாசலில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டே, “மீனெல்லாம் போதும் தம்பி. இனிப் பாட்டைப் போடச் சொல்லுங்கோ” என்றார். அடுத்த ஞாயிறு மாமாவின் ஐந்து நிமிடத்தில் சினிமாப் பாட்டு ஒன்று போனது. அதற்குப் பிறகு மாமா தொலைக்காட்சியில் வரவில்லை. கனடாவும் ஸ்பெயினும் சமாதானமாகிவிட்டன.

அவர்கள் போனதும் அம்மா குசினிக்குள்ளிருந்து வந்து என்னைத் தூக்கினார். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தூக்கி, கழுத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மாமா சுவரைப் பார்த்தபடி நின்றார். என் கெட்டித்தனத்தை நினைத்துத்தான் அழுகிறார் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு வார்த்தையால் வீட்டையே அதிரவைத்த மாமாவை இன்னொரு வார்த்தையால் காப்பாற்றியது நானல்லவா!

நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் அம்மா வாய் திறந்தார். அந்த மூன்றாவது கிழமைக்குச் சற்று முன்னர் ஊரிலிருந்து பெரியம்மாவின் கடிதம் ஒன்று வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போன மகன் வீட்டுக்கு வரவில்லை, இயக்கத்துக்குப் போய்விட்டான், கேட்கப் போன தன்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அழுது எழுதியிருக்கிறார். இங்கேயும் இயக்கத்தின் ஆட்கள் இருந்தார்கள், அன்று வீட்டுக்கு வந்த இருவரும் அவர்கள்தான்; வாய்விட்டுக் கேட்க ஒரு இடமும் இருக்கவில்லை. மாமாவின் ஐந்து நிமிடம்தான் இருந்தது. அந்த வசனத்தைச் சொல்லிக்கொடுத்தது அம்மா. மாமா அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் சொன்னாராம். பெரியம்மாவின் அந்த மகன், என் அண்ணா, பிறகு திரும்பி வரவே இல்லை. நான் நெத்தலி என்று அடித்துச் சொன்ன அந்தக் குஞ்சுக்கு அப்போது பதினான்கு வயது.