கொல்மாரில் ஒரு மத்தியானச் சாப்பாடு

கொல்மாருக்குப் போகவேண்டும் என்ற ஆசையை எனக்குள் போட்டது ஒரு பல் டாக்டரின் மனைவி. கார்ல்ஸ்ரூஹேயில் அவர்களுடைய வீட்டை நான்தான் துப்புரவு செய்தேன். புருஷனும் பெண்சாதியுமாக அடிக்கடி எல்லை தாண்டிப் போய், அந்தப் பிரெஞ்சு ஊரில் சாப்பிட்டு, வைன் குடித்து, பழைய மடத்திலுள்ள ஓவியங்களைப் பார்த்துவிட்டு வருவார்கள். வந்தால் ஒரு கிழமைக்கு அதே கதைதான். நான் குளியலறைக் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் சொன்ன சாப்பாட்டுப் பெயர்கள் எதுவும் என் மனதில் நிற்கவில்லை. மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து கதைத்தோம் என்று சொன்னாரே, அதுதான் நின்றது.

எங்கள் வீட்டில் அது ஆடிக்கொருக்கால் அமாவாசைக்கொருக்கால்கூட நடக்காது. நான் விடியமுதல் வேலைக்குப் போய்விடுவேன். என் கணவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அவர் வரும்போது நான் நித்திரை. சனி ஞாயிறில்தான் அவருக்கு வேலை கூட. லீவு நாளில் கூட்டாளிமாரோடு சீட்டு விளையாடப் போய்விடுவார். அடுப்பில் மூடிவைத்த ஒரே பானைச் சோற்றை அவர் ஒரு நேரம் சாப்பிடுவார், நான் ஒரு நேரம் சாப்பிடுவேன். கலியாணம் முடித்து ஜெர்மனிக்கு வந்த நாள்தொட்டு இதே கதைதான். நான் இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறேனா, அல்லது இரண்டு பேரும் ஒரே அறையை மாறி மாறி வாடகைக்கு எடுத்திருக்கிறோமா என்று எனக்கே சந்தேகம் வந்ததுண்டு.

ஒரே ஒரு தடவை அவர் எனக்கு முன்னால் ஒரு கதிரையில் இருக்கவேண்டும். யாரோ சமைத்ததை யாரோ கொண்டுவந்து வைக்க, நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவேண்டும். கோப்பையை வேறு யாராவது கழுவட்டும். இதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகம் அப்போது எங்களுக்குக் கிடைத்திருந்தது. எல்லையில் மறித்துப் பார்ப்பதும் நின்றுபோயிருந்தது. ஆகவே அவருக்குச் சாட்டுச் சொல்ல வழியில்லை. ஆனாலும் சொல்லிப் பார்த்தார்.

"அங்கை போய் என்ன செய்யிறது?"

"சாப்பிடுறது."

"அதுக்கேன் பிரான்சுக்குப் போவான்? வீட்டிலை சோறு இருக்குத்தானே."

"வீட்டிலை நீங்கள் இல்லையே" என்றேன். அவர் லீவு எடுத்தார்.

இலையுதிர்காலம். ரயிலில் போகும்போது இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள் மஞ்சளாக இருந்தன. பல் டாக்டரின் மனைவி ஊரைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கவில்லை. குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் வைத்த பழைய வீடுகள், யன்னலுக்கு யன்னல் பூச்சட்டி, நடுவில் ஒரு சின்ன வாய்க்கால். "கலியாண வீட்டுச் சோடினை மாதிரி இருக்கு" என்றார் என் கணவர். நல்ல சேர்ட் போட்டிருந்தார், அன்றைக்கென்றே வாங்கியது. மடத்து மியூசியத்தில் சிலுவையில் அறைந்த யேசுவின் பெரிய ஓவியம் ஒன்று இருந்தது. உடம்பெல்லாம் புண், விரல்கள் முறுகிப்போயிருந்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றார். என்னவோ ஆழமாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "பசிக்குது" என்றார்.

உணவகம் வாய்க்கால் கரையில் இருந்தது. வாசலுக்குக் கிட்டப் போனதும் அவருடைய கால்கள் தாமாகவே பக்கத்து ஒழுங்கைக்குத் திரும்பின. குப்பைத் தொட்டிகளைத் தாண்டிப் பின்கதவால் போய்ப் பழகிய கால்கள். கையைப் பிடித்து முன்வாசலால் கூட்டிக்கொண்டு போனேன். கதிரையின் நுனியில் இருந்தார். பீங்கானைத் திருப்பிப் பார்த்து, "விளிம்பு மெல்லிசு, கெதியிலை உடையும்" என்றார். பரிமாறிய வயதான அம்மாவுக்கு ஜெர்மன் தெரிந்திருந்தது. வெங்காயமும் கிறீமும் போட்டுச் சுட்ட மெல்லிய ரொட்டியும், வைனில் அவித்த ஆற்று மீனும், இரண்டு கிளாஸ் வெள்ளை வைனும் சொன்னேன். என் வாழ்க்கையில் முதல் வைன் அது. எங்கள் ஊரில் குடி என்றால் ஆம்பிளைகளின் அலுவல். அவருடைய கிளாஸோடு முட்டிவிட்டுத்தான் குடிப்பது என்று முதலே தீர்மானித்திருந்தேன்.

வைன் வந்தது. அவர் எழுந்து, "கை கழுவிக்கொண்டு வாறன்" என்று உள்ளே போனார்.

ரொட்டி வந்தது. ஆறியும் போனது. ஆளைக் காணவில்லை. அந்த அம்மா வந்து, கணவருக்குச் சுகமில்லையா என்று கேட்டார். நான் தேடிக்கொண்டு போனேன். கழிவறைக்குப் பக்கத்தில் சமையல் நடக்கும் குசினி. கதவில் ஒரு வட்டக் கண்ணாடி. உள்ளே தமிழ்ப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பிரான்சில் குசினி என்றால் உள்ளே எங்கள் ஆட்கள் இல்லாமல் இருப்பார்களா? அதை நான் யோசித்திருக்கவேண்டாமா? மூன்று பேர் நின்றார்கள். நடுவில் என் கணவர், புதுச் சேர்ட் பழுதாகாமல் யாரோ கட்டிவிட்ட ஏப்ரனோடு, கையில் சோற்றுக் கோப்பையோடு, நின்றபடியே குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரோ பகிடி சொல்ல, தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு முன்னால் அவர் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. வேலை அலுப்பு, அதுதான் மனிதர் கதைப்பதில்லை என்று அத்தனை வருடமும் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன். அலுப்பாவது மண்ணாங்கட்டியாவது. எரிச்சலில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

கதவைத் தள்ளினேன்.

"இஞ்சை வாரும், இவை பருத்தித்துறை ஆக்கள்" என்றார். "கருவாட்டுக் குழம்பு. நீரும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாரும்."

"எங்கடை சாப்பாடு வந்திட்டுது. வாங்கோ."

"நீர் தொடங்கும். இந்தா வாறன்."

போய் இருந்தேன். ரொட்டியைச் சாப்பிட்டேன். வைனைக் குடித்தேன். புளித்தது. பிறகு பிடித்துக்கொண்டது. அவருடைய கிளாஸையும் எடுத்துக் குடித்தேன். பக்கத்து மேசையில் ஒரு கிழவனும் கிழவியும் ஒருவர் கோப்பையிலிருந்து ஒருவர் எடுத்துத் தின்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. குசினிக் கதவு திறக்கிற நேரமெல்லாம் எட்டிப் பார்த்தேன். இப்போது அவர் பீங்கான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கை சும்மா இருக்காது.

மீன் வந்தது. அதோடு அவரும் வந்தார், ஏப்ரனைக் கழற்றாமலே. கதிரையில் இருந்துகொண்டு, "கோவமோ?" என்று கேட்டார். இருந்துவிட்டாரே, அது போதும் என்று பட்டது. "முதல்லை சாப்பிடுங்கோ, ஆறப்போகுது" என்றேன். வயிற்றில் இடமில்லாவிட்டாலும் எனக்காக முள்ளுக்கரண்டியை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து, கறுப்புக் கோட்டோடு மண்டபத்தைச் சுற்றிவந்த முதலாளி எங்கள் மேசைக்கு வந்தான். என் கணவரைப் பார்த்து, பிரெஞ்சில், குரலை உயர்த்தாமல் ஏதோ சொன்னான். குசினிப் பக்கம் கையைக் காட்டினான்.

எள் என்பதற்கு முன் எண்ணெயாக நிற்கிற மனிதர். கரண்டியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"இருங்கோ" என்றேன். முதலாளியின் பக்கம் திரும்பி, "இவர் என் கணவர்" என்று ஜெர்மனில் சத்தமாகச் சொன்னேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டான், கதிரையை இழுத்துப் பிடித்தான், குனிந்தான். அதற்குள் என் கணவர் குசினிக் கதவடிக்குப் போய், ஏப்ரன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு, அங்கிருந்தே முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பல் டாக்டரின் மனைவிக்கு நானும் அதைத்தான் சிரிக்கிறேன்.

எவ்வளவு கூப்பிட்டும் அவர் திரும்பவும் மேசைக்கு வரவில்லை. வாய்க்கால் கரையில் நிற்பதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். மீன் நல்ல ருசி. அதைச் சொல்லத்தான் வேண்டும். முதலாளி மன்னிப்புக்காகக் கொண்டுவந்து வைத்த இனிப்பையும் கோபத்தோடு தின்று முடித்தேன்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"ஏன் எழும்பினீங்கள்?"

"எழும்பச் சொன்னான், எழும்பினன். அதுக்கென்ன இப்ப?"

"அவன் சொன்னது பிரெஞ்சு. உங்களுக்கு என்ன விளங்கினது?"

"அது விளங்காமல் என்ன."

எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் இருங்கோ எண்டு சொன்னனான். தமிழிலைதான் சொன்னனான். உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

அவர் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"கேட்டது" என்றார்.