எண்பது மில்லி தொங்கிய உத்திரம்

மெங் சுன்தொக் முப்பத்தொரு வயதில் ஒருவனின் காறை எலும்பை உடைத்தவள். கூரைக்கும் பொய்க்கூரைக்கும் நடுவே உள்ள முழங்கை அளவு இடுக்குக்காக வந்த சண்டை அது. தென் கொரியாவின் உல்சான் நகரில் அப்போது அவள் குழாய் வெல்டர். தண்ணீர்க் குழாய், ஏசி காற்று போகும் தகரக் கூடான டக்ட், மின்கம்பி எல்லாம் அந்த இடுக்கில்தான் போகவேண்டும். முந்தியவனுக்கு இடம், பிந்தியவனுக்கு அடிதடி.

நாற்பத்து மூன்றாம் வயதில் இயந்திரத்தில் சிக்கி இரண்டு விரல் போயிற்று. கம்பெனி அவளைக் கணினி முன் உட்காரவைத்தது. இனிமேல் முழுக் கட்டடத்தையும் முதலில் கணினியில் மாடலாகக் கட்டிப் பார்ப்பது, அதன்பிறகே ஒரு குழாயைத் தொங்கவிடுவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. எட்டே மாதத்தில் கற்றுக்கொண்டாள். எந்தக் குழாய் எதோடு மோதும் என்பதை அடிபட்டே அறிந்தவள் ஆயிற்றே.

கட்டிக்கொண்டிருந்த புது மருத்துவமனையின் நான்காம் தளத்தில், யாருக்கு எந்த இடம் என்று அவள் மாடலைக் காட்டி முடிவுசெய்யும் கூட்டத்துக்குக் காத்திராமல் நாற்பது மீட்டர் டக்டை மாட்டிவிட்டான் தக் பியோங்சு, டக்ட் மேஸ்திரி.

"கழட்டுங்க மேஸ்திரி. மாடல்ல டக்ட் அந்த உத்திரத்துக்கு அடியில போகுது."

"அங்க நுழையாதுடி. உத்திரம் தொங்குது. ஏறி வந்து பாரு."

"மாடல்ல நுழையுதே."

"அப்ப மாடல்லயே ஆஸ்பத்திரி நடத்திக்க."

அவனுடைய ஆட்கள் சிரித்தார்கள். இடம் பிடிக்கிற திருட்டுப் புத்தி என்று அவர்கள் முன்னாலேயே சொன்னாள் சுன்தொக். அவள் கையிலிருந்த டேப்லெட்டைப் பிடுங்கித் தூணில் அறைந்தான் தக். அவள் அவன் சட்டையைப் பற்றி இழுத்துத் தன் ஹெல்மெட்டால் முகத்தில் முட்டினாள். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. தக் கீழே கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து வீசி அடித்தான். அவள் தாடை இரண்டு இடத்தில் முறிந்தது. இரண்டு பற்கள் தரையில் விழுந்தன. விழுந்தவளின் தோளில் இன்னொன்று போட்டான். நான்கு பேர் சேர்ந்துதான் அவனை இழுக்க முடிந்தது.

"ஏறிப் பாருன்னுதானே சொன்னேன்," என்று அவர்கள் பிடியில் திமிறினான்.

மருத்துவர்கள் அவள் தாடையை மெல்லிய கம்பியால் கட்டினார்கள். ஆறு வாரம் உறிஞ்சுகுழலில் அரிசிக்கஞ்சி. திரும்பி வந்த அன்றே சாரத்தில் ஏறி, லேசர் கருவியை வைத்து அளந்தாள். கான்கிரீட் ஊற்றும்போது அடியில் தாங்கிய பலகை இறங்கி, உத்திரம் வரைபடத்தைவிட எண்பது மில்லிமீட்டர் கீழே நின்றிருந்தது. டக்ட் நுழையவே நுழையாது. தோல் கிழியும்வரை அந்த உத்திரத்தைக் கைமுட்டியால் குத்தினாள்.

நேரில் அளக்காமல் மாடலை நம்பிய தவறு தன்னுடையது என்று தன் பெயரிலேயே எழுதிக்கொடுத்தாள். நா என்ற கட்டுமான மேலாளர் முகம் சுளித்தார்.

"யாருமே கேக்கலையேக்கா. எதுக்கு இதெல்லாம்?"

"டக்ட் இன்னும் போகணும்ல? தப்பான அளவ வெச்சுகிட்டு எப்படிப் போகும்?"

அடிதடி வழக்குக்காகப் போன நீதிமன்ற வராந்தாவில் தக்கைப் பார்த்தபோதும் தன் தவறை ஒப்புக்கொண்டாள். "உத்திரம் தொங்குது மேஸ்திரி. நீங்க சொன்னதுதான் சரி."

"அப்ப புகாரைத் திரும்ப வாங்கிக்கிறியா?"

"அளவுல தப்பு என்னோடது. அடிச்சது உங்க தப்பு. ரெண்டையும் கலக்காதீங்க."

தக் ஒன்பது மாதம் சிறையில் இருந்தான். இப்போதெல்லாம் அவள் நேரில் நின்று அளக்காமல் எந்தத் தளமும் மாடலில் ஏறுவதில்லை. அவள் நடத்தும் கூட்டங்களில் பிறகும் இரண்டு முறை கைகலப்பு வந்தது. ஒருமுறை நாற்காலியை வீசியது அவள்தான்.