பொறுமைக்கு உட்கார்ந்தவன்

கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் நாங்கள் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறோம். போன சீசன் முடிந்ததும் சென்னையிலிருந்து ஒரு பெண் ஓவியர் வந்து தங்கினார். செய்திகள் மூச்சுமுட்டக் கொட்டுகிற இந்தக் காலத்தில் மனித குணங்கள் என்ன ஆகின்றன என்று வரிசையாகப் படம் வரைகிறாராம். கருணை முடிந்துவிட்டது. அடுத்தது பொறுமை.

"அண்ணா, உங்க முகம் அதுக்குச் சரியா இருக்கும். காலையில ஒரு மணி நேரம் உட்கார முடியுமா?" என்றார்.

என் முகத்தை அதுவரை யாரும் எதற்கும் கேட்டதில்லை. சரியென்றேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

போன் கூடாது என்பது நிபந்தனை. என் போனையும் தன் போனையும் ஓர் எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு மூடினார். இரண்டும் மாறி மாறி உள்ளே அதிர்ந்தன. யாரோ ரூம் கேட்கிறார்கள், யாரோ ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டுகிறார்கள் என்றே என் புத்தி ஓடியது.

"ஆடாதீங்கண்ணா" என்றவர், கொஞ்ச நேரத்தில் தானே தூக்கைத் திறந்தார். "ஒரு நிமிஷம், அவசரம்."

பாதி வரைந்த படத்தை இணையத்தில் போட்டிருந்தார். அதற்கு வந்த கருத்துகள்தான் அவசரம்.

பொறுமைக்கு மீசை எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். மறுநாள் படத்தில் என் மீசை போயிற்று. பொறுமை ஏன் ஆணாக இருக்க வேண்டும் என்று இன்னொருவர் கேட்க, பின்னல் வந்தது. முகமே எதற்கு, பார்க்கிறவர்கள் நிரப்பிக்கொள்ளட்டுமே என்று யாரோ எழுதியதும், முகத்தின் மேல் சாம்பல் நிறத்தில் மேகத்தை ஏற்றினார்.

"இனி நான் எதுக்கு மேடம்? சோலி கெடக்கு" என்றேன்.

"நீங்க உட்கார்ந்திருந்தாத்தான் எனக்கு அந்த மூட் வருது."

அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. உட்கார்ந்தேன்.

கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் ஹாலில் கண்காட்சி வைத்தார். மனைவியைக் கூட்டிக்கொண்டு வெள்ளனே போய்விட்டேன். வந்தவர்கள் படங்களுக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்தார்கள். கருணைக்கு முன்னால் நல்ல கூட்டம். ஒருவர் பக்கத்திலிருந்தவரை முழங்கையால் தள்ளிவிட்டு இடம்பிடித்தார்.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"மேகத்துக்குப் பின்னாடி."

கிட்டே போய்ப் பார்த்தாள். "காது உங்களுதுதான்" என்றாள். காதைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லவில்லை போல. அது மட்டும் தப்பியிருந்தது. "நல்லாத்தான் வரைஞ்சிருக்காங்க. நாம சொல்றது கேக்குற காது மாதிரியே இருக்கு."

அப்போது ஓவியர் வந்தார். "அக்கா, அடுத்து நேர்மை. அண்ணாவை அனுப்புவீங்களா?"

"அதுக்கு வேற ஆள் பாருங்கம்மா. இருபத்துநாலு மணி நேரமும் வெந்நீர்னு வாசல்ல போர்டு எழுதி வச்சதே இவருதான்."

ஓவியர் சிரித்துவிட்டு அவளையே உற்றுப் பார்த்தார். அறையை இன்னும் ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொண்டு நேர்மைக்கு அவளை உட்கார வைத்தார். அவள் உட்கார்ந்தாளே தவிர வாயை மூடவில்லை. வந்த கருத்துகளை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அங்கேயே பதில் சொன்னாள். மூக்கை மாற்றினால் எழுந்து போய்விடுவேன் என்றாள்.

அந்தப் படத்தில் மூக்கு, மூக்குத்தி, வாய் எல்லாம் அவளுடையவைதான். அச்சு அசல். இணையத்தில் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்று ஓவியருக்கு இன்னும் வருத்தம்.