தலைப்பை நம்பித் தலை முழுகினோம்

மாலை ஐந்து மணிக்குப் பத்திரிகை வந்தது. ‘மயிலிட்டிக் கடலில் தோணி கவிழ்ந்தது: அனைத்தும் பலி!’ இந்தியாவிலிருந்து தோணியில் வரவேண்டிய என் மகனை இரண்டு நாளாகக் காணவில்லை. மேற்கொண்டு வாசிக்காமல் அழுது, தலை முழுகினோம்.

விளக்கு வைத்து அவன் பேரைச் சொல்லி அழுகையில், வாசற் படலையில் அவன் குரல் கேட்டது. “அம்மா!”

கணவர் என் வாயைப் பொத்தினார். “பதில் சொல்லாதை! ஆவியெண்டால் மூண்டாந்தரம் கூப்பிடாது.”

இரண்டாம் முறை கூப்பிட்டது. பிறகு சத்தமேயில்லை.

பத்திரிகையை எடுத்து, தலைப்பின் கீழிருந்த சிறிய எழுத்துகளை வாசித்தேன். இறந்தவை தோணியில் ஏற்றிவந்த ஆடுகள், ஆட்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். ஓடினேன். படலையில் எவருமில்லை.

இப்போதெல்லாம் கடைசி வரிவரை வாசிக்காமல் எந்தச் செய்தியையும் நம்புவதில்லை.

அன்று அயல்வீட்டு அண்ணைதான், தன் வீட்டுக்கு வந்து நின்ற அவனைக் கைபிடித்துக் கூட்டிவந்தார். மகன் முற்றத்திலேயே நின்றான்.

“என்ரை பேரைச் சொல்லி அழுதனீங்கள். கூப்பிட்டும் ஒருத்தரும் கதைக்கேல்லை. நான் செத்துப்போனனோ, அம்மா?”